வயது வரிசையில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்வதா?

புதுப்பொறுப்பு:

வணக்கம். போன மாதம்தான் பராமரிப்புப் பிரிவுக்கு வந்தேன். என் கணக்கில் 38 பவர் டிரான்ஸ்ஃபார்மர்கள், எல்லாம் 132/33 கேவி. அதில் 11 யூனிட் நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மாற்றுப் பட்டியல் வேண்டுமாம். "தயாரித்த ஆண்டை வைத்து வரிசைப்படுத்தி அனுப்பு, போதும்" என்கிறார்கள். இரண்டு நொடி வேலை. ஆனால் வரிசைப்படுத்திப் பார்த்ததும் அனுப்ப மனம் வரவில்லை.

முதலிடத்தில் நிற்பது 46 வயது யூனிட். 'அ' என்று வைத்துக்கொள்வோம். அதன் எண்ணெய் ரிப்போர்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலிலேயே வராத 24 வயது 'இ'யின் கதை வேறு. டிஜிஏவில், அதாவது எண்ணெயில் கரைந்த வாயுக்களை அளக்கும் சோதனையில், அசிட்டிலீன் மூன்று ஆண்டுகளில் 6, 15, 31 பிபிஎம் என்று ஏறியிருக்கிறது. ஹைட்ரஜன் 9, மீத்தேன் 12, எத்திலீன் 14. வாயுக்களின் பங்கை வைத்துப் பழுதின் வகையைச் சொல்லும் டுவால் முக்கோணத்தில் புள்ளி வைத்தால் டி2 பகுதியில் போய் உட்காருகிறது, அதாவது பெரிய மின்பொறி. 'இ'யை உடனே நிறுத்தச் சொல்லவா? 'அ'வை உண்மையிலேயே மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரிலே_அறை:

தம்பி, 'இ'யை நிறுத்த ஓடாதீர்கள். அந்த ஹைட்ரஜனை இன்னொரு முறை பாருங்கள். மெயின் டேங்கில் அவ்வளவு பெரிய பொறி வெடித்திருந்தால் ஹைட்ரஜன் அசிட்டிலீனோடு சேர்ந்து ஏறியிருக்கும். இங்கே 31-ஐ 9-ஆல் வகுத்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. இந்த விகிதம் இரண்டு, மூன்றைத் தாண்டினால் முதலில் டேப் சேஞ்சரை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) சந்தேகப்படு என்று ஐஇசி 60599 சர்வதேசத் தரநிலையிலேயே இருக்கிறது. டேப் மாறும்போதெல்லாம், தனி எண்ணெய் அறையில் இருக்கும் அதன் டைவர்ட்டர் சுவிட்சில் பொறி பறக்கத்தான் செய்யும், அதன் பிழைப்பே அது. அந்த எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிந்தால் அசிட்டிலீன்தான் தங்கும். ஹைட்ரஜன் எண்ணெயில் நிற்காது, சீக்கிரம் வெளியேறிவிடும்.

ஆனாலும் ஊகத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுங்கள். உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் புக்ஹோல்ஸ் அலாரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவுட்டேஜ் (யூனிட்டை நிறுத்த அனுமதி) கிடைத்ததும் டைவர்ட்டரைத் திறந்துவிடுங்கள்.

எண்ணெய்க்கண்:

பரிசோதனைக்கூடத்தில் இருப்பவன். ரிலே_அறை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒரு கேள்வி: மூன்று ஆண்டும் ஒரே கூடமா? சாம்பிள் எடுத்தவர் ஒருவரா? வால்வில் தேங்கியிருக்கும் எண்ணெயை ஒரு வாளி வடித்துவிட்டுத்தான் சிரிஞ்சில் பிடிக்க வேண்டும். அவசரத்தில் முதல் சொட்டையே பிடித்து அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி வரும் ரிப்போர்ட் வால்வைப் பற்றியது.

'அ'வைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆர்வம். 46 வயதில் குறையே இல்லாத ரிப்போர்ட்டா? எண்ணெயை எப்போதாவது மாற்றினார்களா, சுத்திகரித்தார்களா?

புதுப்பொறுப்பு:

ஒரே கூடம்தான் சார். சாம்பிள் எடுப்பவர்கள் மாறியிருக்கிறார்கள்.

'அ'வின் கோப்பைத் தேடினேன். நீங்கள் கேட்டது சரி. மூன்று ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் முழுவதையும் மாற்றியிருக்கிறார்கள். அமிலத்தன்மை அதிகம் என்று காரணம் எழுதியிருக்கிறது. ஃபியூரான் சோதனை அதற்குப் பிறகுதான் முதன்முதலாகச் செய்திருக்கிறார்கள். முடிவு மிகக் குறைவு.

எண்ணெய்க்கண்:

அப்படியென்றால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரில் கெட்டால் மாற்றக்கூடியவை நிறைய உண்டு: எண்ணெய், புஷிங் (கம்பி டேங்குக்கு வெளியே வரும் மின்காப்புக் குழல்), கேஸ்கெட், விசிறி, டேப் சேஞ்சரின் காண்டாக்டுகள். மாற்ற முடியாதது வைண்டிங் (கம்பிச்சுருள்) மேல் சுற்றியிருக்கும் காகிதம். அதை மாற்றுவதென்றால் வைண்டிங்கையே புதிதாகச் சுற்ற வேண்டும். காகிதம் என்பது செல்லுலோஸ் சங்கிலி. புதிதில் ஒரு சங்கிலியில் சராசரியாக ஆயிரம் கண்ணிக்கு மேல் இருக்கும், அந்த எண்ணிக்கையைத்தான் டிபி என்கிறோம். சூடும் ஈரமும் அமிலமும் சேர்ந்து கண்ணிகளை அறுத்துக்கொண்டே வரும். டிபி 200-க்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. மின்காப்பு அப்போதும் இருக்கும், வலுதான் போய்விடும். வெளியே ஒரு பெரிய ஷார்ட் சர்க்யூட் வந்து வைண்டிங்கை ஒரு உலுக்கு உலுக்கினால் அந்தக் காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கண்ணி அறும்போது உருவாகும் ஃபியூரான்கள் எண்ணெயில் கரைகின்றன. அதை அளந்துதான் காகிதம் எவ்வளவு நைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து ஊகிக்கிறோம். எண்ணெயை மாற்றினால் அந்தச் சாட்சியும் எண்ணெயோடு போய்விடும். காகிதத்தில் ஊறியிருப்பது மெல்ல மெல்லக் கொஞ்சம் திரும்ப வரும், ஆனால் பழைய கணக்கு திரும்பாது. ஃபுல்லர் மண் (அழுக்கை உறிஞ்சும் களிமண்) வழியாகச் சுத்திகரித்தாலும் இதே கதைதான். வெப்பம் தாங்க மேம்படுத்தப்பட்ட காகிதம் என்றால் ஃபியூரான் முதலிலிருந்தே குறைவாகத்தான் வரும், அது தனிக் குழப்பம்.

திட்டப்பிரிவு:

எதிர்க்கட்சியாக ஒருவன் பேசலாமா? நான் பணம் ஒதுக்கும் பக்கம் இருப்பவன். வயது வரிசை முட்டாள்தனம் என்று பொறியாளர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். ஆனால் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்று ஆர்டர் கொடுத்தால் இரண்டு முதல் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டிய காலம் இது. "நிலைமை மோசமானதும் சொல்கிறோம்" என்றால் நீங்கள் சொல்லும் நாளில் என் கையில் யூனிட் இருக்காது. வயது ஒன்றுதான் ஐந்து வருடம் முன்கூட்டியே தெரிகிற எண். தணிக்கையில் கேட்டாலும் பதில் சொல்லலாம். "எத்திலீன் கொஞ்சம் ஏறுகிற மாதிரி இருந்தது" என்று எழுதினால் எந்தக் குழு ஒப்புக்கொள்ளும்?

ரிலே_அறை:

திட்டப்பிரிவு சார் சொல்வதில் பாதி நியாயம். எத்தனை யூனிட் வாங்குவது என்பதை வயதை வைத்துத் தோராயமாகச் சொல்லிவிடலாம். எந்த யூனிட்டைக் கழற்றுவது என்பதை வயது சொல்லாது. இரண்டையும் ஒரே கேள்வியாக்கியதுதான் கோளாறு.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரணக் கிராஃப்ட் காகிதத்துக்கு ஹாட் ஸ்பாட் (வைண்டிங்கில் மிகச் சூடான இடம்) 98 டிகிரியில் தேய்வின் வேகம் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 6 டிகிரி ஏற்றத்துக்கும் வேகம் இரட்டிப்பாகும், 6 டிகிரி இறங்கினால் பாதியாகும். ஐஇசி 60076-7 இப்படித்தான் போடுகிறது. 80 டிகிரியில் ஓடினால் எட்டில் ஒரு பங்கு. ஒன்று போனால் இன்னொன்று முழுச் சுமையையும் தாங்கட்டும் என்று இரண்டிரண்டாக வைத்திருக்கிற நிலையத்தில் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழேதான் ஓடும். 45 சதவீதச் சுமையில் காப்பர் இழப்பு முழுச் சுமையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். அப்படி 46 வருடம் ஓடிய யூனிட்டின் காகிதம், முழுச் சுமையில் வெந்துகொண்டிருக்கும் 20 வயது யூனிட்டை விட இளமையாக இருக்கலாம்.

இது உலர்ந்த காகிதத்துக்கான கணக்கு. ஈரம் ஏறியிருந்தால் வேகம் இன்னும் பல மடங்கு.

அதனால் புதுப்பொறுப்பு, 'அ'வின் பழைய லோடு ரிஜிஸ்டர் கிடைக்குமா பாருங்கள். கரையான் தின்றது போக மிச்சம் இருந்தால் நல்லது.

ஷிஃப்டு_சி:

நான் ஆபரேட்டர், நீங்கள் பேசும் டிபி எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஈரம் என்று சொன்னதால் ஒன்று. உங்கள் 38 யூனிட்டிலும் பிரீதரை, அதாவது உள்ளே போகும் காற்றை உலர்த்தும் டப்பாவை, போய்ப் பாருங்கள். காற்று கீழே இருக்கும் எண்ணெய்க் கிண்ணம் வழியாக உள்ளே போகிறது. அதனால் சிலிக்கா ஜெல் கீழிருந்துதான் நிறம் மாறிக்கொண்டு வரவேண்டும். மேலடுக்கு முதலில் வெளுத்து, கீழடுக்கு புதிது மாதிரி இருந்தால் காற்று பிரீதர் வழியாகப் போகவே இல்லை. மேலே குழாய் ஜாயிண்டிலோ கேஸ்கெட்டிலோ ஓட்டை.

எங்கள் நிலையத்தில் ஒன்றில் இப்படி எட்டு மாதம் இருந்தது. "ஜெல் நல்ல நிறத்தில் இருக்கிறது" என்று தினம் எழுதினோம். நல்ல நிறம்தான், காற்றே தொடாத ஜெல் எப்படி மாறும்? நானும் எழுதியவர்களில் ஒருவன்.

எண்ணெய்க்கண்:

ஷிஃப்டு_சி சொன்னது தங்கம். நிறத்தைப் பற்றி இடைச்செருகலாக ஒன்று: நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது புற்றுநோய் அபாயப் பட்டியலில் உள்ள பொருள். இப்போது ஆரஞ்சு ஜெல் பரவலாக வந்துவிட்டது. எந்த நிறம் எந்த நிறமாகும் என்று பிரீதர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள். இரண்டு வகையும் கலந்திருக்கும் நிலையங்களில் ஆள் குழம்புகிறார்.

ஈரத்துக்கு வருவோம். எண்ணெயில் 22 பிபிஎம் என்று ரிப்போர்ட் வந்தால் நல்லதா கெட்டதா? எண்ணெயின் வெப்பநிலை தெரியாமல் பதில் கிடையாது. 60 டிகிரியில் மினரல் எண்ணெய் 240 பிபிஎம் அளவுக்குத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 20 டிகிரியில் ஐம்பது சொச்சம்தான். ஆக 22 என்பது சூட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, குளிரில் நாற்பது சதவீதம். பல படிவங்களில் வெப்பநிலைக் கட்டம் காலியாகவே வருகிறது.

அப்புறம் ஃபில்டர் போடுவது. 40 டன் எண்ணெயில் 20 பிபிஎம் என்றால் மொத்தத் தண்ணீர் 800 கிராம். அதே யூனிட்டில் 10 டன் காகிதமும் பிரஸ்போர்டு என்ற தடித்த காகித அட்டையும் 3 சதவீத ஈரத்தோடு இருந்தால் 300 கிலோ. மூன்று நாள் மெஷினை ஓட்டி 800 கிராமை எடுத்துவிட்டு "உலர்த்தியாகிவிட்டது" என்று எழுதுகிறோம். ஒரு மாதத்தில் காகிதம் எண்ணெய்க்குத் திரும்பக் கொடுத்துவிடும்.

டான்டெல்டா:

எல்லோரும் காகிதத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காகிதம் கிழடு தட்டி நிம்மதியாக ஓய்வு பெறும் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பார்த்திருக்கிறேன். நடு இரவில் எரிகிறவற்றில் பல, புஷிங்கால் எரிகின்றன. மின்துறைப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான சிக்ரே 2015-இல் வெளியிட்ட பழுது ஆய்வில் வைண்டிங், டேப் சேஞ்சர், புஷிங் மூன்றும்தான் முன்னணி. அதில் தீ, வெடிப்பு என்று முடிவதில் புஷிங்குக்குப் பெரிய பங்கு.

2025 மார்ச் 20 இரவு லண்டன் பக்கம் நார்த் ஹைட் துணைமின் நிலையம் எரிந்து ஹீத்ரோ விமானநிலையம் மறுநாள் மூடப்பட்டது நினைவிருக்கும். ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையில், ஒரு உயர் அழுத்தப் புஷிங் பழுதானதுதான் தொடக்கம், உள்ளே ஈரம் புகுந்ததே காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 1960-களில் வைத்தது. ஆனால் என்னை உறுத்தியது வயது இல்லை. 2018 ஜூலையிலேயே எண்ணெய்ச் சாம்பிளில் ஈரம் அதிகம் என்று ரீடிங் வந்திருக்கிறது. நடவடிக்கைதான் வரவில்லை. சோதனை செய்து, எண் கிடைத்து, கோப்பில் போட்டு, ஏழு வருடம் கழித்துத் தீ.

எனவே புதுப்பொறுப்புக்கு என் ஆலோசனை: 38 யூனிட்டுக்கும் புஷிங் டான் டெல்டா (மின்காப்பின் இழப்பைக் காட்டும் எண்), கெபாசிட்டன்ஸ் இரண்டும் கடைசியாக எப்போது எடுத்தது என்று முதலில் எழுதுங்கள். டான் டெல்டாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கெபாசிட்டன்ஸ் பெயர்ப்பலகை அளவை விடச் சில சதவீதம் ஏறியிருந்தால் உள்ளே ஒரு ஃபாயில் அடுக்கு ஷார்ட் ஆகியிருக்கலாம், அதைத் திரும்ப சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மின்சாரம் கொடுக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் புஷிங்கின் டெஸ்ட் டேப் (மீட்டர் கோக்கும் முனை) மூடியைத் திருகி எர்த் சேர்ந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒருவரைப் பாதி வழியில் திருப்பி அழைத்த அனுபவம் எனக்கு இருக்கிறது. மூடி இல்லாமல் சார்ஜ் செய்தால் சோதனை செய்ததே அந்தப் புஷிங்குக்கு எமன்.

திட்டப்பிரிவு:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை எண்களையும் குழு முன்னால் எப்படி வைப்பது? ஹெல்த் இண்டெக்ஸ் என்று ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

எண்ணெய்க்கண்:

வாங்குங்கள், ஆனால் கூட்டிச் சராசரி போடுகிற வகையென்றால் வேண்டாம். எண்ணெய்க்கு 95, காகிதத்துக்கு 90, கூலிங்குக்கு 100, டேப் சேஞ்சருக்கு 90, புஷிங்குக்கு 10. சராசரி 77, "நல்ல நிலை". பரீட்சையில் ஒரு பாடத்தில் தோற்றால் தோல்விதானே, இங்கே மட்டும் மொத்த மார்க்கைப் பார்த்துத் தேர்ச்சி போட்டுவிடுகிறோம். சிக்ரேயின் 2019-ஆம் ஆண்டு 761-ஆம் கையேடு இந்தக் குறையைத்தான் பேசுகிறது. ஒரு யூனிட்டின் மதிப்பு அதன் மிக மோசமான பாகத்தின் மதிப்பு என்று வையுங்கள்.

அட்டவணையில் பக்கத்தில் இன்னொரு பத்தி: "இதற்கு என்ன செய்தால் சரியாகும்?" புஷிங் என்றால் புஷிங் மாற்று. கேஸ்கெட் என்றால் கேஸ்கெட். காகிதம் என்றால் மட்டும் யூனிட் மாற்று. மோசமாக இருப்பதும் மாற்ற வேண்டியதும் வேறு வேறு என்பது அப்போதுதான் குழுவுக்குத் தெரியும். போனால் யாருக்கு எவ்வளவு நேரம் கரண்ட் போகும், பக்கத்து யூனிட்டுக்கு நடுவே தீச்சுவர் இருக்கிறதா என்பதற்கு மூன்றாவது பத்தி.

புதுப்பொறுப்பு:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அவுட்டேஜ் கிடைக்க அவ்வளவு நாள் ஆயிற்று.

'இ'யின் டைவர்ட்டரைத் தூக்கி வெளியே எடுத்து, எண்ணெயை வடித்து, சிலிண்டரின் உட்புறத்தைப் பஞ்சு இல்லாத துணியால் நன்றாகத் துடைத்தோம். மெயின் டேங்கில் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு காத்திருந்தோம். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் வடிகால் பிளக்கைச் சுற்றி ஒரு மெல்லிய மினுமினுப்பு. துடைத்தோம், மறுபடி வந்தது. அரை மணியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முத்து திரண்டு வழிந்தது. ஓ-ரிங் இறுகித் தட்டையாகிக் கிடந்தது. மாற்றியாயிற்று. மெயின் டேங்க் எண்ணெயின் வாயுவை நீக்கிவிட்டோம், இனி அசிட்டிலீன் புதிதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிலே_அறை சாருக்கு நன்றி. நிறுத்திவைத்து வைண்டிங்கைத் தேடியிருந்தால் என்னவாகியிருக்கும்!

ஆனால் அதே அவுட்டேஜில் டான்டெல்டா சார் சொன்னதைச் செய்தோம். நடு ஃபேஸ் புஷிங்கின் கெபாசிட்டன்ஸ் பெயர்ப்பலகையை விட 5 சதவீதம் அதிகம். மற்ற இரண்டும் ஒன்றுக்குள். ஸ்டோரில் இருந்த புஷிங்கைப் போட்டுத்தான் சார்ஜ் செய்தோம். அதையும் சோதித்துவிட்டே போட்டோம்.

'அ' இன்னும் முடியவில்லை. லோடு ரிஜிஸ்டர் கடைசி 19 வருடத்துக்குக் கிடைத்தது, உச்சமே 48 சதவீதம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு துப்பு: அதே தயாரிப்பாளர், அதே ஆண்டு, அடுத்த வரிசை எண் கொண்ட ஒன்று டேப் சேஞ்சர் பழுதால் இரண்டு ஆண்டுக்கு முன் ஒதுக்கப்பட்டு யார்டில் கிடக்கிறது. ஸ்கிராப்புக்கு ஏலம் விட இருக்கிறார்கள். அது வாழ்நாள் முழுக்க 'அ'வுக்குப் பக்கத்திலேயே, அதே பஸ்ஸில் (நிலையத்தின் பொது மின்கம்பி) ஓடியது.

எண்ணெய்க்கண்:

ஏலத்தை நிறுத்துங்கள்! கூடப்பிறந்தது பக்கத்திலேயே கிடக்கும்போது எதற்கு ஊகம்? திறந்து காகிதம் எடுங்கள். மூன்று ஃபேஸிலும், வைண்டிங்கின் அடுக்குகளான டிஸ்க்குகளில் மேல் டிஸ்க், நடு டிஸ்க், கீழ் டிஸ்க். சூடு அதிகம் மேலே என்பதால் மேல் டிஸ்கின் எண்தான் முக்கியம். லீடு கம்பியிலிருந்து மட்டும் எடுத்தால் நல்ல செய்தியே வரும், நம்பாதீர்கள். யார்டில் கிடந்த இரண்டு வருடக் குளிர்ந்த நிலையில் டிபி பெரிதாக இறங்கியிருக்காது. ஈரத்தை அளக்காதீர்கள், மழை அதைக் கெடுத்திருக்கும்.

புதுப்பொறுப்பு:

ரிப்போர்ட் வந்துவிட்டது. மேல் டிஸ்கின் டிபி மூன்று ஃபேஸிலும் 380, 410, 395. கீழ் டிஸ்க் 560-க்கு மேல். வைண்டிங்கை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பிங் போல்ட்டுகள் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன, அதையும் படம் எடுத்து வைத்தோம்.

குழுவில் மூன்று பத்தி அட்டவணையை வைத்தேன். 'அ' முதலிடத்திலிருந்து நான்காமிடத்துக்கு இறங்கியது. சுமை 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாட்டு அறைக்கு எழுதியாயிற்று. முதலிடத்துக்கு வந்தது 31 வயது யூனிட் ஒன்று. ஒற்றையாக நிற்பது, மாற்றுவழி இல்லை, வருடத்தில் பாதி நாள் 90 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது, ஃபியூரான் மூன்று ஆண்டாக ஏறுமுகம், எண்ணெயும் மாற்றப்படவில்லை. தலைவர் "இதுவா? இது புதுசாயிற்றே" என்றார்.

ஒரு கேள்வி பாக்கி. 'அ'வுக்கு கிளாம்பிங் இறுக்கி, ஈரமும் எடுத்துவிட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று ஒரு ஒப்பந்ததாரர் சொல்கிறார். சூடாக்கி, வாக்குவம் போட்டு ஒரே வாரத்தில் உலர்த்துவாராம்.

ரிலே_அறை:

ஒரே வாரத்திலா? டிபி 390-ல் இருக்கும் காகிதத்தை அப்படி விரட்டி உலர்த்தினால் பிரஸ்போர்டு சுருங்கி, இருக்கிற இறுக்கமும் போகும். உலர்த்திய பிறகு கட்டாயம் டேங்கிலிருந்து கோரை (இரும்புக் கருவும் வைண்டிங்கும்) தூக்கி இறுக்க வேண்டும், அதற்கு முன்னால் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாலிகுலர் சீவ் வழியாக மாதக்கணக்கில் மெல்ல ஈரத்தை உறிஞ்சும் கருவிகள் இருக்கின்றன, முதலில் அதைப் பாருங்கள். எது செய்தாலும் முன்னும் பின்னும் எஸ்எஃப்ஆர்ஏ (வைண்டிங் இடம்பெயர்ந்ததா என்று காட்டும் சோதனை) எடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரரிடம் கோர் தூக்குவது விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஷிஃப்டு_சி:

'அ'வின் பிரீதரைப் பார்த்தீர்களா?

புதுப்பொறுப்பு:

பார்த்தேன். மேலடுக்குதான் வெளுத்திருக்கிறது. நாளைக்குக் கேஸ்கெட் மாற்றுகிறோம்.